வாரண்ட் இல்லாத வீட்டுச் சோதனை: வாசற்படி முதல் உயர் நீதிமன்றம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காவலர்கள் வாசலில் வந்து நிற்கும்போது பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி "வாரண்ட் இருக்கிறதா?" என்பதாகும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "இல்லை" என்று பதில் வந்த உடனேயே அந்தச் சோதனை சட்டவிரோதமானது என்று முடிவு செய்துவிடக் கூடாது. புலன்விசாரணை நடத்தும் காவல் அதிகாரி நீதிமன்ற ஆணை இல்லாமலேயே ஒரு வீட்டைச் சோதனையிடுவதற்கு இந்தியச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., தனது 185-ஆம் பிரிவில் அந்த அதிகாரத்தைத் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவுதான் சில புதிய நிபந்தனைகளோடு இங்கே தொடர்கிறது.

ஆகவே வாரண்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்க நேரிடும். பிரிவு 185 தரும் அதிகாரம் முழுவதும் எழுத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அதிகாரி காரணத்தை எழுத வேண்டும், தேடும் பொருளை எழுத வேண்டும், கைப்பற்றியதை எழுத வேண்டும், எழுதியதை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) அனுப்ப வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு உண்மையான பாதுகாப்பு இந்த எழுத்துகளைக் கேட்டுப் பெறுவதிலும், அவை இல்லாதபோது இல்லை என்பதைத் தாமே எழுதிப் பதிவு செய்வதிலும் இருக்கிறது. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

அரசியலமைப்பு வீட்டுக்குத் தரும் காப்பு

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் போல, நியாயமற்ற சோதனைக்கு எதிரான உரிமை என்று தனியாக ஒரு கூறு நம் அரசியலமைப்பில் இல்லை. அது யாருக்கும் தோன்றாமல் விடுபட்டதன்று. 1948 டிசம்பரில் அரசியலமைப்பு நிர்ணய சபையில் காஜி சையத் கரிமுதீன் அப்படி ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அதை ஏற்கத் தயார் என்று அம்பேத்கரும் சொன்னார். அந்தப் பாதுகாப்புகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பவைதாம் என்றாலும், தனிமனித சுதந்திரத்தின் பொருட்டு அவற்றைச் சட்டமன்றங்களின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது விரும்பத்தக்கது என்பது அவர் கருத்து. இருந்தும் இறுதி வாக்கெடுப்பில் அந்தத் திருத்தம் தோற்றது. அந்த ஒரு வாக்கெடுப்பின் விளைவை இந்திய வீடுகள் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கின்றன என்பது என் கருத்து.

1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அரசியலமைப்பை வகுத்தவர்கள் சேர்க்காத ஓர் உரிமையைத் தாங்கள் சேர்க்க முடியாது என்ற போக்கில் தீர்ப்பளித்தது. நிலைமை 1962-இல் கரக் சிங் வழக்கில் ஓரளவு மாறியது. ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டுச் சாட்சியம் இல்லாததால் விடுவிக்கப்பட்ட கரக் சிங்கின் பெயரில் உத்தரப் பிரதேசக் காவல்துறை சரித்திரப் பதிவேடு திறந்து, இரவு நேரங்களில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த இரவு வருகைகளுக்கு இடமளித்த காவல் விதியை, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் பிரிவு 21-க்கு முரணானது என்று ரத்து செய்தது. ஆனால் அதே தீர்ப்பு, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஏற்க மறுத்தது. தமிழ்நாட்டில் "ஹிஸ்டரி ஷீட்" பெயரைச் சொல்லி நள்ளிரவில் வீட்டைத் தட்டும் பழக்கத்தை எதிர்கொள்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் பிரிவு 21-இல் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். எம்.பி. சர்மா, கரக் சிங் ஆகிய தீர்ப்புகளில் இதற்கு மாறாக இருந்த பகுதிகள் நீக்கப்பட்டன. அந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தலையீடு மீறக் கூடாது. வீட்டுச் சோதனை பற்றிய ஒவ்வொரு வாதமும் இன்று இந்த அளவுகோலில் இருந்தே தொடங்குகிறது. இதோடு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் பிரிவு 20(3), கைதானவருக்குக் காரணம் சொல்லி வழக்கறிஞரை அணுக விட்டு 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்னும் பிரிவு 22 ஆகியவையும் சோதனையின்போது துணைக்கு வருபவை.

ஏன் எழுத்து இவ்வளவு முக்கியம்

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளைப் பொதுவாக நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை. இந்தியாவில் அப்படி இல்லை. 1974-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள பூரன் மல் வழக்கில், சோதனை சட்டப்படி நடக்கவில்லை என்பதற்காக மட்டுமே, வழக்குக்குத் தொடர்புள்ள சாட்சியத்தை ஒதுக்க முடியாது என்று அரசியலமைப்பு அமர்வு சொல்லிவிட்டது. "விதியை மீறி வந்தார்கள், ஆகவே வழக்கு விழுந்துவிடும்" என்ற நம்பிக்கை பலரை ஏமாற்றியிருக்கிறது.

விதிமீறலுக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கைப்பற்றியதாகச் சொல்லப்படும் பொருள் உண்மையிலேயே அந்த வீட்டில்தான் கிடைத்ததா என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. சாட்சிகளின் நம்பகத்தன்மையைக் குலைக்கிறது. ஜாமீன் மனுவிலும் ரிட் மனுவிலும் ஆதாரமாகிறது. இவை அனைத்தும், விதி எங்கே மீறப்பட்டது என்பதைக் காட்டும் பதிவு உங்களிடம் இருந்தால்தான் நடக்கும்.

முதல் படி: வந்திருப்பது எதற்காக என்று பிரித்தறியுங்கள்

ஒரே சீருடையில் வந்தாலும் வருகையின் தன்மை வேறுபடும். அதற்கேற்ப உங்கள் கடமையும் மாறும்.

விசாரிக்க மட்டும் வந்திருந்தால் அவர்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டிய தேவை இல்லை. வாசலிலேயே பேசலாம். சாட்சியாக விசாரிக்க ஒருவரை அழைக்க வேண்டுமானால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 179-இன்படி எழுத்தில் அழைப்பு தர வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

ஒருவரைக் கைது செய்ய வந்திருந்தால் பிரிவு 44 பொருந்தும். கைது செய்யப்பட வேண்டியவர் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், வீட்டில் இருப்பவர் வழிவிட வேண்டும். விடாவிட்டால், தம் அதிகாரத்தையும் நோக்கத்தையும் அறிவித்த பிறகு கதவை உடைக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இந்தப் பிரிவு ஆளைத் தேடுவதற்கானது. ஆள் ஒளிந்திருக்க முடியாத நகைப் பெட்டியையும் மேசை இழுப்பறையையும் கிளறுவதற்கு அது அதிகாரம் தராது. அதற்குத் தனியாகப் பிரிவு 185-இன் நடைமுறை தேவை. பெண்ணைச் சூரிய மறைவுக்குப் பின்னும் சூரிய உதயத்துக்கு முன்னும் கைது செய்யக் கூடாது என்பது பிரிவு 43(5). அசாதாரணச் சூழலில் மட்டும், நடுவரின் முன் அனுமதி பெற்றுப் பெண் காவல் அதிகாரி செய்யலாம்.

சோதனை வாரண்டோடு வந்திருந்தால் அதை வாங்கிப் படியுங்கள். நீதிபதியின் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை, முகவரி, தேடும் பொருள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அதன் பிறகு வழிவிடுவது கடமை.

வாரண்ட் இல்லாமல் பொருளைத் தேட வந்திருந்தால், கீழே உள்ளவை அனைத்தும் உங்களுக்கு உரியவை. "சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறோம்" என்று சொல்லி நுழைவதும் இந்த வகைதான். அப்படிக் கேட்கப்படும்போது, எந்த வழக்கு, எந்தப் பிரிவின்படி சோதனை என்று தெரிவித்தால் ஒத்துழைப்பதாகச் சொல்லுங்கள். "சரி, வாருங்கள்" என்ற ஒரு வார்த்தை, நீங்களே இசைந்து அழைத்ததாகப் பின்னர் எழுதப்படலாம்.

இரண்டாம் படி: கதவருகே கேட்க வேண்டியவை

வந்தவரின் பெயர், பதவி, காவல் நிலையம் ஆகியவற்றைக் கேட்டு அடையாள அட்டையைப் பாருங்கள். சீருடை இல்லாமல் வந்திருந்தால் இது இன்னும் அவசியம். சந்தேகம் இருந்தால் 112-ஐ அழைத்து, இன்னார் இன்ன நிலையத்திலிருந்து வந்திருப்பதாகச் சொல்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்ளலாம். அந்த அழைப்பின் நேரமே பின்னர் ஒரு பதிவாகிவிடும்.

அடுத்து எஃப்.ஐ.ஆரின் குற்ற எண் என்ன, எந்தக் குற்றப் பிரிவு, எந்தப் பொருளைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பிரிவு 185 அனுமதிப்பது, ஒரு குற்றத்தின் புலன்விசாரணைக்குத் தேவையான பொருளைத் தேடுவதை. அந்தப் பொருள் இந்த இடத்தில் இருக்கக்கூடும் என்று நம்பத் தகுந்த காரணமும், வேறு வழியில் சென்றால் தேவையற்ற தாமதம் ஏற்படும் என்ற கருத்தும் அதிகாரிக்கு இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும், இயன்றவரை தேடும் பொருளையும், சோதனைக்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். திருவிழாவுக்கு முன்னரும் தலைவர்கள் வருகைக்கு முன்னரும் ஒரு தெருவின் எல்லா வீடுகளையும், அல்லது வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் எல்லா அறைகளையும், வரிசையாகத் திறந்து பார்ப்பதை இந்தப் பிரிவின் சொற்களுக்குள் அடக்க முடியாது.

வந்திருப்பவர் நிலையப் பொறுப்பு அதிகாரியோ புலன்விசாரணை அதிகாரியோ இல்லை, அவரால் அனுப்பப்பட்டவர் என்றால், இடத்தையும் பொருளையும் குறிப்பிட்டு அவருக்குத் தரப்பட்ட எழுத்து உத்தரவைக் கேளுங்கள். பிரிவு 185(3) அதைக் கட்டாயமாக்குகிறது. ஏட்டு ஒருவர் வந்து "ஐயா பார்த்து வரச் சொன்னார்" என்பது போதாது.

வழக்கு நாட்குறிப்பையே உங்களிடம் காட்டும்படி அந்த இடத்தில் வற்புறுத்த முடியாது. "காரணத்தை எழுதிவிட்டீர்களா?" என்று கேட்டு, வந்த பதிலைக் குறித்துக்கொள்வதே போதும்.

இங்கே மிகத் தெளிவாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கேள்வி கேட்பதோடு நில்லுங்கள், கையால் தடுக்காதீர்கள். 1960 தொகுப்பில் உள்ள ராஜஸ்தான் அரசு எதிர் ரஹ்மான் வழக்கில், காரணத்தை எழுதாமல் வீட்டைச் சோதனையிட வந்த கலால் அதிகாரியைத் தடுத்தவர் குற்றவாளி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அந்த மனிதர் உச்ச நீதிமன்றம் வரை போராடித்தான் அதைப் பெற்றார். பொது ஊழியரின் பணியைத் தடுத்ததாக பி.என்.எஸ். (குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) பிரிவு 221, கைவைத்துத் தாக்கியதாகப் பிரிவு 132 என்று வழக்குப் பதிவதற்குச் சில நிமிடங்கள் போதும். நல்லெண்ணத்துடன் செயல்படும் பொது ஊழியரின் செயல் சட்டப்படி முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அச்சம் இல்லாதவரை அவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது என்று பி.என்.எஸ். பிரிவு 37 சொல்கிறது. ஆகவே "இந்தச் சோதனைக்கு நான் இசையவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை" என்று தெளிவாக, மரியாதையாக, மற்றவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு விலகி நிற்பதே சரியான முறை.

மூன்றாம் படி: தேடத் தொடங்கும் முன்

வாரண்ட் இல்லாத சோதனைக்கும் பிரிவு 103-இன் பொது விதிகள் பொருந்தும். அதன்படி, சோதனை தொடங்கும் முன்பே அந்தப் பகுதியைச் சேர்ந்த, எத்தரப்பையும் சாராத, மதிப்புக்குரிய இருவரையாவது சாட்சிகளாக அழைக்க வேண்டும். அந்தப் பகுதியில் ஆள் கிடைக்காதபோதோ வர மறுக்கும்போதோ மட்டுமே வேறு பகுதியினரை அழைக்கலாம். நடைமுறையில் காவலர்கள் தங்களோடு ஜீப்பிலேயே இருவரை அழைத்து வருவதும், ஒரே நபர் பல வழக்குகளின் மகஜரில் (சம்பவ இடத்தில் எழுதும் கைப்பற்றல் ஆவணத்தில்) சாட்சியாகத் தோன்றுவதும் நீதிமன்றங்களில் அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. அக்கம்பக்கத்தவர் யாரையாவது அழைக்கும்படி கேளுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் உங்கள் குறிப்பில் ஏறட்டும்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். எழுத்து மூலம் அழைத்த பிறகும் தகுந்த காரணமின்றிச் சாட்சியாக வர மறுப்பது பி.என்.எஸ். பிரிவு 222-இன்படி குற்றமாகலாம். அதைவிட முக்கியம், நீங்கள் வராவிட்டால் உங்கள் இடத்தில் யாரோ ஒருவர் நிற்பார். அண்டை வீட்டாருக்கு அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வந்து நின்று, பார்த்தது மட்டும் பட்டியலில் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுவது.

புதிய சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம் காணொளிப் பதிவு. சோதனை, கைப்பற்றல், பட்டியல் தயாரித்தல், சாட்சிகள் கையெழுத்திடுதல் ஆகிய அனைத்தும் ஒலி-ஒளிப் பதிவாக, முடிந்தால் கைபேசியில், எடுக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 105. அந்தப் பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்பவும் வேண்டும். பிரிவு 185(2)-உம் இதையே மீண்டும் வலியுறுத்துகிறது. பதிவு தொடங்கிவிட்டதா என்று கேளுங்கள். வாசலில் நுழைவதிலிருந்தே எடுக்கும்படி கேளுங்கள். பொருள் "கிடைத்த" பிறகு தொடங்கும் காணொளிக்கும் நுழையும்போதே தொடங்கும் காணொளிக்கும் உள்ள வேறுபாடு ஒரு வழக்கின் போக்கையே மாற்றக்கூடியது.

உங்கள் வீட்டுக்குள் நடக்கும் சோதனையை நீங்கள் பதிவு செய்யக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ்.-இல் எந்த விதியும் இல்லை. யாருடைய முகத்துக்கு நேராகவும் நீட்டாமல், தள்ளி நின்று எடுங்கள். கைபேசியைப் பறித்தால் போராட வேண்டாம். கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதன் பதிவு வெளியே சேமிக்கப்படுகிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

நுழையும் முன் காவலர்களும் சாட்சிகளும் தங்கள் உடலையும் பைகளையும் சோதித்துக் காட்டும்படி கேட்பது நீண்ட காலமாக உள்ள வழக்கம். தயங்காமல் கேளுங்கள்.

நான்காம் படி: சோதனை நடக்கும்போது

வீட்டில் இருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனை முழுவதும் உடனிருக்க எந்த நிலையிலும் அனுமதிக்க வேண்டும் என்பது பிரிவு 103(6). எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டு வேறு அறைகளைத் தேடுவது இதற்கு முரணானது. ஓர் அறை முடிந்து அடுத்த அறை என்று செல்லும்படி கேளுங்கள். இரண்டு குழுக்களாகப் பிரிந்தால் குடும்பத்தில் இருவர் ஆளுக்கொரு குழுவோடு செல்லட்டும்.

பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான், முழுக் கண்ணியத்தோடு செய்ய வேண்டும். வீட்டை மட்டும் சோதிக்கும்போது பெண் காவலர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பிரிவு 103 சொல்லவில்லை. ஆனாலும் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அதைக் கேட்பதும், பெண் காவலர் வரும்வரை காத்திருக்கும்படி வேண்டுவதும் நியாயமானதே.

கேட்கப்படும் கேள்விகளைப் பொறுத்தவரை, உங்கள் பெயர், முகவரி, வீட்டில் இருப்போர் விவரம் ஆகியவற்றை மறைப்பதால் பயனில்லை. குற்றத்தோடு பிணைக்கக்கூடிய கேள்விகளுக்கு, வழக்கறிஞரிடம் பேசிய பிறகு பதில் சொல்கிறேன் என்று சொல்லலாம். தன்னைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய கேள்விகளுக்குப் பதிலளிக்கக் கடமையில்லை என்று பிரிவு 180(2) வெளிப்படையாகச் சொல்கிறது. பொய் சொல்ல வேண்டாம்; பேசாதிருக்க உரிமை இருக்கும்போது பொய் தேவையில்லை.

கைபேசியும் மடிக்கணினியும் இன்று பீரோவை விட அதிகம் பேசுபவை. அவற்றைக் கைப்பற்றினால், எந்த நிலையில் எடுக்கப்பட்டன, மாடல் என்ன, ஐ.எம்.இ.ஐ. எண் என்ன என்பவை பட்டியலில் வர வேண்டும். உறையிலிட்டு முத்திரை வைக்கும்படியும், சேமிப்பின் ஹாஷ் மதிப்பை (தரவிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாள எண்ணை) எடுத்துத் தரும்படியும் கேளுங்கள். உள்ளே உள்ள தரவு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்ட அந்த எண் உதவும். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குக் கேட்கும் சான்றிதழிலும் அது கேட்கப்படுகிறது. கடவுச்சொல்லைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்களின் கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. ஒருவரின் மனத்தில் உள்ள அறிவைக் கட்டாயப்படுத்தி வெளிக்கொணர்வது பிரிவு 20(3)-ஐ மீறும் என்ற 2010-ஆம் ஆண்டு செல்வி வழக்கின் தர்க்கம் மறுப்பவருக்குத் துணையாக இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் அதைச் சொல்லவோ, கைபேசியைத் திறந்து தரவோ வேண்டாம் என்பதே என் அறிவுரை.

ஐந்தாம் படி: பட்டியலும் கையெழுத்தும்

எல்லாப் படிகளிலும் இதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். களைப்பிலும் அச்சத்திலும் பெரும்பாலோர் தவற விடுவதும் இதையே. கைப்பற்றிய ஒவ்வொரு பொருளும், அது கிடைத்த இடமும் பட்டியலில் எழுதப்பட வேண்டும். "வீட்டில் கிடைத்தது" என்பது போதாது. எந்த அறை, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று இருக்க வேண்டும். சாட்சிகள் கையெழுத்திட்ட அந்தப் பட்டியலின் நகலை வீட்டில் இருப்பவருக்குத் தர வேண்டியது அதிகாரியின் கடமை. எதுவும் கிடைக்கவில்லை என்றால் "எதுவும் கைப்பற்றப்படவில்லை" என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.

வெற்றுத் தாளிலோ, பாதி எழுதிய தாளிலோ, ஸ்டேஷனுக்குப் போய் நிரப்பிக்கொள்கிறோம் என்று நீட்டும் படிவத்திலோ எக்காரணத்தாலும் கையெழுத்திடாதீர்கள். சட்டம் கேட்பது சாட்சிகளின் கையெழுத்தை. உங்களிடம் கேட்டால், முழுவதும் படித்து, காலியிடங்களில் கோடிட்டு, "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடலாம். உடன்பாடில்லாத இடம் இருந்தால் அதையும் அங்கேயே உங்கள் கையால் எழுதுங்கள். போலீசாரிடம் தந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பிரிவு 181 சொல்கிறது. அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டால் அந்தப் பிரிவைச் சொல்லி மறுக்கலாம்.

சிறப்புச் சட்டங்களும் இரவு நேரமும்

இரவில் வீட்டைச் சோதிக்கவே முடியாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிரிவு 185-இல் அப்படித் தடை எதுவும் இல்லை. நேர வரம்பு வெளிப்படையாக இருப்பது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில். 1985-ஆம் ஆண்டு அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு, கான்ஸ்டபிளுக்கு மேல்நிலையில் உள்ள, அதிகாரம் அளிக்கப்பட்ட அதிகாரி பகலில் வாரண்ட் இல்லாமல் நுழைய அனுமதிக்கிறது. சூரிய மறைவுக்குப் பின் நுழைய வேண்டுமானால், வாரண்ட் வாங்கப் போனால் சாட்சியம் மறைக்கப்படும் அல்லது ஆள் தப்பிவிடுவார் என்று நம்பும் காரணத்தை முதலில் எழுத வேண்டும். எழுதியதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். இந்த நிபந்தனைகளை அடியோடு புறக்கணிப்பதை ஏற்க முடியாது என்று 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. தகுந்த காரணமின்றி நுழைந்து சோதனையிடும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை என்று அச்சட்டத்தின் 58-ஆம் பிரிவே சொல்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரி வாரண்ட் இல்லாமல் நுழைய அனுமதிப்பது பொது இடங்களில். வீடு அதில் வராது. சமூக ஊடகப் பதிவு தொடர்பாக வருபவர்கள் அந்தச் சட்டத்தைச் சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள். உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு), வருமான வரி, பண மோசடித் தடுப்பு ஆகிய சட்டங்களின் சோதனைகளுக்குத் தனி நடைமுறைகள் உண்டு; அங்கே முதல் மணி நேரத்திலேயே வழக்கறிஞர் தேவை.

ஆறாம் படி: அவர்கள் சென்ற பிறகு

அன்றே உட்கார்ந்து எழுதுங்கள். எத்தனை பேர், என்ன பெயர்கள், வாகன எண், நுழைந்த நேரம், கிளம்பிய நேரம், யார் சாட்சி, காணொளி எப்போது தொடங்கியது, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, எது உடைந்தது என்று எல்லாவற்றையும் எழுதி, வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் தனித்தனியே தங்கள் நினைவை எழுதட்டும். கலைந்து கிடக்கும் அறைகளை ஒழுங்குபடுத்தும் முன் படம் எடுங்கள். காயம் ஏற்பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள்.

அடுத்து, அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் உரிமை. காரணங்களை எழுதிய பதிவின் நகலை 48 மணி நேரத்துக்கு மிகாமல் நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 185(5). வீட்டு உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் அந்த நகலைக் கட்டணமின்றி நடுவர் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வாடகைக்கு இருப்பவருக்கும் இது பொருந்தும். மூன்றாம் நாளிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு வந்திருந்தால், போலீசார் அன்று உண்மையில் என்ன காரணம் வைத்திருந்தார்கள் என்பது உங்கள் கைக்கு வரும். வரவே இல்லை என்றால், அந்த உண்மையே நீதிமன்றக் கோப்பில் ஏறிவிடும். இன்று காணொளிப் பதிவு வந்து சேர்ந்ததா என்பதையும் அதே மனுவில் கேட்கலாம். மனுவின் சொற்கள் எளிமையாக இருந்தால் போதும்:

"இன்ன தேதியில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்ன காவல் நிலையத்தார் மேற்படி முகவரியில் உள்ள எனது குடியிருப்பை வாரண்ட் இன்றிச் சோதனையிட்டனர். பி.என்.எஸ்.எஸ். பிரிவு 185(5)-இன்படி, பிரிவு 185(1), 185(3) ஆகியவற்றின் கீழ் எழுதப்பட்டு இந்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பதிவுகளின் நகலைக் கட்டணமின்றி எனக்கு வழங்கவும், பிரிவு 105-இன்படி ஒலி-ஒளிப் பதிவு பெறப்பட்டதா என்பதையும், பெறப்பட்டிருந்தால் பெற்ற தேதியையும் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

கைப்பற்றிய பொருள்களைத் திரும்பப் பெற, வழக்கின் நிலையைப் பொறுத்துப் பிரிவு 497 அல்லது 503-இன் கீழ் மனு செய்யலாம். பொருள்களைக் காவல் நிலையத்தில் தேவைக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. தொழிலுக்கான கணினி, வாகனம் போன்றவற்றுக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பயன்படும்.

ஏழாம் படி: முறையீடு

முதல் புகார் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு செல்லட்டும். புலன்விசாரணையை எப்படி நடத்த வேண்டும் என்று சட்டம் இட்ட கட்டளையைத் தெரிந்தே மீறி ஒருவருக்குப் பாதகம் செய்யும் பொது ஊழியருக்கு, பி.என்.எஸ். பிரிவு 199-இன்படி ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான கடுங்காவல் உண்டு. புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் நடுவரிடம் தனிப் புகார் தாக்கல் செய்யலாம். ஆனால் அரசின் முன் அனுமதி தேவை என்ற வாதம் எழும் என்பதால் வழக்கறிஞர் துணையோடு செய்வது நல்லது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எளிய மனுவே போதும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது என்பதால் தள்ளிப்போட வேண்டாம். தொடர்ந்து இரவில் வந்து தொல்லை தருகிறார்கள் என்றால், அரசியலமைப்பின் பிரிவு 226-இன்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தையோ மதுரைக் கிளையையோ நேரடியாக அணுகலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்ற வழியை ருதுல் சா, நீலபதி பெஹரா ஆகிய வழக்குகள் திறந்து வைத்திருக்கின்றன.

பணம் இல்லை என்பதற்காக எவரும் இவற்றைக் கைவிட வேண்டியதில்லை. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வழக்கறிஞருக்கு உரிமை உடையவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது பட்டியல் நகல், நீங்கள் அன்றே எழுதிய குறிப்பு, படங்கள், பதிவுத் தபால் ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள். பட்டியல் நகல் தரப்படவில்லை என்றால், அதைத் தர மறுத்த அதிகாரியின் பெயரும் மறுத்த நேரமும் அந்தக் கோப்பின் முதல் தாளில் இருக்கட்டும்.